சக்கரம் இருந்தது, இழுக்க வண்டி இல்லை

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் ஃப்ரீவேயில் ஒரு பெரிய டிரெய்லர் என்னைத் தாண்டிப் போனால், அதில் எத்தனை சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. "ரோட்டைப் பாரு" என்பார் என் கணவர். நான் ரோட்டைத்தான் பார்க்கிறேன். ரோட்டில் அதுதானே ஓடுகிறது. வீட்டில் உட்கார்ந்தால் கால் தரிக்கவில்லை, படுத்தால் கண் மூடவில்லை. ஜூன் மாதம் பிறந்து புயல் சீசன் தொடங்கிவிட்டால் இன்னும் மோசம்.

நம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஐந்து பேரும், "அக்கா, உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க" என்று கேட்டிருந்தீர்கள். ஆன்ட்டி என்று கூப்பிடாமல் விட்டதற்காகவே எழுதுகிறேன். பெர்மிட் வாங்குவது, பாலத்தின் உயரம் பார்ப்பது, எந்தச் சாலையில் எத்தனை டன் போகலாம் என்பதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த தப்பு. அதைச் சொல்வதற்கு, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரர்கள் விமானங்களைச் சுடும் பீரங்கிகளை எப்படி இழுத்துக்கொண்டு அலைந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

அதற்கும் முன்னால் என் அப்பாவைப் பற்றி நாலு வரி. சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். சொந்தமாக ஒரு லாரி கிடையாது. ஒரு மேஜை, ஒரு போன், அவ்வளவுதான். யாராவது கூப்பிட்டு "நாளைக்கு இந்தூருக்கு ஒரு லோடு" என்றால், வண்டி இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கவே மாட்டார். "ஏத்திடலாங்க" என்பார். போனை வைத்த பிறகுதான் வண்டி தேடுவார். அந்த ஊரில் அது பொய் இல்லை, தொழில் முறை. எதிர்ச் சாலையில் காலி வண்டிகள் வரிசையாக நிற்கும். லோடை முதலில் ஒத்துக்கொள், வண்டி தானாக வரும். முதலில் "இல்லை" என்று சொன்னவன் அந்தத் தெருவில் கடை நடத்த முடியாது.

இந்தப் புத்தியோடுதான் நான் ஹூஸ்டனுக்கு வந்து, பேர்லேண்டில் உள்ள நம் யார்டில், பெரிய லோடுகளை எந்த வண்டியில் எப்போது அனுப்புவது என்று திட்டம் போடும் வேலையில் சேர்ந்தேன். அது எனக்கு நன்றாகவே உதவியது. திங்கட்கிழமை ஒருவருக்கு ஓடிய இழுவை வண்டி செவ்வாய்க்கிழமை இன்னொருவருக்கு ஓடும். ஒரு வண்டியை மூன்று பேருக்குச் சொல்லி, மூன்று பேருக்கும் குறித்த நேரத்தில் போய்ச் சேர வைப்பேன். மேனேஜர்கள் என்னைப் பாராட்டினார்கள். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறியிருந்தது, மறைப்பானேன்.

கடலோரச் சிறு ஊர் ஒன்றில் ஒரு போர் மியூசியம் இருந்தது. புயல் வந்தால் அங்கிருக்கும், விமானங்களைச் சுடும் ஜெர்மன் பீரங்கியை உள்நாட்டுக்குக் கொண்டுவர ஒரு திட்டம் எழுதித் தரச் சொன்னார்கள். பார்க்கப் போனேன். டேல் என்று ஒரு அமெரிக்கர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், அந்தப் பீரங்கியைப் பதினொரு வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாகச் செப்பனிட்டவர். எதிரியின் பீரங்கியை எதற்கு இப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்று கேட்டேன். "எதிரி எப்படி வேலை செய்தான் என்று தெரியாமல் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது?" என்றார்.

பிறகு விளக்க ஆரம்பித்தார். பீரங்கியின் அடிப்பாகம் சிலுவை மாதிரி நான்கு கைகள் கொண்டது. பயணத்தின்போது பக்கவாட்டுக் கைகள் இரண்டையும் மேலே மடித்து நிறுத்திவிடுவார்கள். முன்னால் ஒரு ஜோடி சக்கரம், பின்னால் ஒரு ஜோடி. இவற்றுக்கு நடுவே பீரங்கி தொங்கிக்கொண்டு போகும். இழுப்பதற்கு ஒரு வண்டி, முன்னால் டயரும் பின்னால் டாங்க் மாதிரிப் பட்டையும் உள்ளது. வீரர்கள் அதிலேயே வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள், குண்டுகளும் அதிலேயே. இடம் வந்ததும் வின்ச் என்ற சங்கிலி உருளையைச் சுற்றிப் பீரங்கியைத் தரையில் இறக்கி, சக்கரங்களை உருட்டி அப்பால் தள்ளி, கைகளை விரித்துவிட்டால் தயார். பழகிய ஆட்களுக்கு இரண்டு மூன்று நிமிஷ வேலையாம். ரொம்ப அவசரமென்றால் சக்கரத்தில் நிற்கும்போதே சுடவும் செய்வார்களாம். சின்னப் பீரங்கிகளை இரண்டு சக்கர வண்டியில் போட்டு இழுத்திருக்கிறார்கள். சிலதை ரயில் பெட்டியில் பூட்டித் தண்டவாளம் போகும் இடமெல்லாம் கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்குக் கண் விரிந்துவிட்டது. நம் தொழில்தானே இது.

"ஆனால் எல்லாப் படைக்கும் இழுவை வண்டி இல்லை" என்றார் டேல். மூன்று வகையாகப் பிரித்திருந்தார்களாம். சொந்தமாக இழுவை வண்டி உள்ளவர்கள் முதல் வகை. கான்கிரீட்டில் பதித்து நகராமல் நிற்பவை மூன்றாவது வகை. நடுவில் ஒரு வகை: பீரங்கி உண்டு, சக்கரம் உண்டு, இழுக்க வண்டி மட்டும் கிடையாது. நகர வேண்டும் என்று உத்தரவு வந்தால் வேறொரு போக்குவரத்துப் பிரிவிலிருந்து வண்டி வந்து இழுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். காகிதத்தில் அவை நகரக்கூடிய படைகள். சாதாரண நாளில் அது ஓடிவிடும். போர்முனை உடைந்து எல்லாரும் ஒரே நாளில் பின்வாங்கும்போது, எல்லாரும் அந்த ஒரே வண்டிகளைத்தான் கூப்பிட்டார்கள். வண்டி வராத இடங்களில் தங்கள் பீரங்கியைத் தாங்களே வெடிவைத்து உடைத்துவிட்டு நடந்து போனார்கள்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று நினைத்துச் சிரித்தேன். மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது இதையே ஜோக்காகச் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மியூசியத்துக்கான திட்டத்தை எழுதினேன். எங்கள் பிரிவில் அப்போது பெரிய இழுவை வண்டிகள் இரண்டுதான். அதே இரண்டு வண்டிகளை ஒரு ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன். முதியோர் இல்லம் ஒன்றுக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன். இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. அந்த ஜெர்மன்காரர்கள் வேறு, நான் வேறு என்றே இருந்தேன்.

முதியோர் இல்லத்தை நடத்தியவர் டாக்டர் யோகராணி. யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் இல்லத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் ஆக்சிஜனில், ஒருவர் வென்டிலேட்டரில். இல்லத்து ஜெனரேட்டர் தாழ்வான இடத்தில் இருந்ததால் வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும். அதற்காக நம் யார்டில் ஒரு ஜெனரேட்டரை அவர்களுக்கென்றே டிரெய்லரில் ஏற்றி நிறுத்தி, இல்லத்தின் பெயரையும் எழுதி வைத்திருந்தோம். பார்த்தீர்களா, சக்கரம் உண்டு, பெயர் உண்டு.

அந்த வருடம் புயல் நேராக எங்களை நோக்கி வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் முந்தின நாளே கூப்பிட்டார்கள். முதல் வண்டி அவர்கள் ஜெனரேட்டரோடு மேற்கே போனது. போனது திரும்பி வரவில்லை. ஊரே காலிசெய்துகொண்டு போன நெரிசலில் ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டது. அடுத்துக் கூப்பிட்டவர் டேல். இரண்டாவது வண்டியை விடியும்போது மியூசியத்துக்கு அனுப்பினேன். பத்து மணிக்குப் பீரங்கி நம் யார்டுக்கு வந்துவிடும், உடனே அதே வண்டியில் முதியோர் இல்லத்து ஜெனரேட்டரை மாட்டி அனுப்பிவிடலாம் என்பது என் கணக்கு. கணக்கு அழகாகத்தான் இருந்தது.

காலை எட்டு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார்.

"கோமதி, உங்கட வண்டி வெளிக்கிட்டுட்டுதோ?"

"கிளம்பிடுச்சுங்க டாக்டர். வந்துடும்."

"இல்லை, ஏன் கேக்கிறன் எண்டா, கவுண்டி நிர்வாகக்காரர் ரெண்டு பஸ் அனுப்பியிருக்கினம். வாசல்லை நிக்குது. ஜெனரேட்டர் வருமெண்டால் நான் பஸ்ஸைத் திருப்பி அனுப்பிடுவன். இந்த வயசுபோன சனத்தை ட்ராஃபிக்கிலை மணித்தியாலக் கணக்கா வச்சிருக்கேலாது. வராதெண்டால் இப்பவே சொல்லுங்கோ, ஏத்திடுவன்."

"நீங்க கவலையே படாதீங்க. வந்துடும்."

அப்போது அந்த வண்டி மியூசியத்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. பீரங்கியை இன்னும் ஏற்றத் தொடங்கவே இல்லை. பொய் சொல்கிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அப்பாவின் மேஜையில் வளர்ந்த வாய், தானாகச் சொல்லிவிட்டது. டாக்டர் பஸ்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒன்பது ஆனது. பத்து ஆனது. பதினொன்றும் ஆனது. வண்டியோடு போயிருந்த முருகேசன், சேலத்துக்காரர், நாற்பது வயது, லோடை இறுக்கிக் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அவர் ஒவ்வொரு முறையும் "இன்னும் கொஞ்ச நேரங்க அக்கா" என்றார். பீரங்கியைச் சக்கரத்தின் மேல் தூக்கும் அந்த வின்ச் துருப்பிடித்து இறுகியிருந்தது. நான் உட்கார முடியாமல் யார்டில் அந்த ஜெனரேட்டரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். டயரை எட்டிக்கூட உதைத்தேன். பதினொன்றரைக்கு ஒருவழியாகப் பீரங்கியை டிரெய்லரில் ஏற்றிக் கட்டிப் புறப்பட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் மறுபடி கூப்பிட்டார். குரல் உயரவில்லை.

"கோமதி, வண்டி எங்கை நிக்குது?"

என் வாயில் "பக்கத்துல வந்துடுச்சு" வரைக்கும் வந்துவிட்டது. எப்படியோ நிறுத்தினேன். "டாக்டர், காலையில நான் சொன்னது பொய்ங்க. ட்ரக் இன்னொரு லோடோட ரோட்டுல இருக்குது. உங்க ஜெனரேட்டர் இன்னும் எங்க யார்டுலதான் நிக்குதுங்க."



"பஸ் போயிட்டுது" என்றார். பிறகு, "சரி. இப்ப மெய்யைச் சொல்லுங்கோ. எத்தினை மணிக்கு வரும்? ஒரு ஆளுக்கு வென்டிலேட்டர் ஓடுது. கரண்ட் நிண்டா பேட்டரி அரை மணித்தியாலம்தான் தாங்கும். நான் அதுக்கேத்த மாதிரி அலுவல் பாக்க வேணும்."

பீரங்கியை வழியிலேயே விட்டுவிட்டு வண்டி மட்டும் யார்டுக்கு ஓடி வந்து ஜெனரேட்டரை மாட்டிக்கொண்டு போனால் எவ்வளவு நேரமாகும் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். "மூணு மணிங்க டாக்டர். இது பொய் இல்லைங்க."

உடனே முருகேசனுக்கு போன் போட்டேன். வழியில் ஒரு சர்ச்சின் பெரிய பார்க்கிங் இருந்தது, மேடான இடம். "அங்க நிறுத்துங்க. டிரெய்லரைக் கழட்டி விட்டுட்டு ட்ரக்கை மட்டும் எடுத்துட்டு வாங்க."

"சரிங்க அக்கா. பத்து நிமிஷத்துல கழட்டிடறேன்."

அவர் அங்கே நிறுத்தியதும், பின்னாலேயே காரில் வந்த டேல் அவர் கையிலிருந்து போனை வாங்கினார். டிரெய்லரில் இப்படியே விட்டால், மடித்து நிற்கும் கைகளில் காற்று பிடித்து டிரெய்லரோடு கவிழ்ந்துவிடும் என்றார். டிரெய்லர் தரையில் படியும் வகைதான், பீரங்கியை உருட்டி இறக்கி, அதன் கைகளை விரித்துத் தரையில் உட்கார வைத்துவிட்டால் எந்தப் புயலாலும் அதை அசைக்க முடியாது, அது அதற்காகவே செய்யப்பட்டது என்றார். "மூன்று நிமிஷ வேலை" என்றார். அது ஜெர்மன் வீரர்களின் மூன்று நிமிஷம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த மனுஷர் அழுதுகொண்டிருந்தார். பதினொரு வருடச் சனிக்கிழமைகள்.

இந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நின்று கவனிக்கச் சொல்கிறேன். ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நல்லவளாகிவிட்டேன் என்று மனசு லேசாகியிருந்தது. அந்த லேசான மனசோடு சொன்னேன்: "சரி, இறக்கிடுங்க. சீக்கிரம்."

வின்ச் மறுபடி இறுகியது. அந்த மூன்று நிமிஷ வேலைக்கு நாற்பது நிமிஷம் ஆனது. நடுவில் இரண்டு தடவை முருகேசன் கூப்பிட்டு, "அக்கா, அப்படியே விட்டுட்டு வந்துடட்டுங்களா?" என்று கேட்டார். பீரங்கி பாதி இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவையும் "இன்னும் ரெண்டு நிமிஷம் பாருங்க" என்றேன். டாக்டரைக் கூப்பிட்டு, மூன்று மணி என்று சொன்னது தள்ளிப்போகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வழியில் ஓட்டிப் பிடித்துவிடலாம், எதற்கு அவரையும் பதற வைப்பது என்று நினைத்தேன். இந்த "எதற்குப் பதற வைப்பது" என்பதைப் போல ஒரு கெட்ட யோசனை நம் தொழிலில் இல்லை. நம் பதற்றத்தைத்தான் அப்படி ஒளித்துக்கொள்கிறோம்.

ஜெனரேட்டர் மூன்று நாற்பதுக்கு இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்ததாம். முருகேசன் கேபிளை மாட்டி, விளக்கு எரிந்ததும் எனக்கு போட்டோ அனுப்பினார்.  புயல் கடந்தது. இருபத்திரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, எப்பேர்ப்பட்ட சமயோசிதம் என்று மெச்சினார். அந்த மாதம் ஆபீஸ் கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் நின்று வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன், நீங்கள் இன்றும் அதைத் திட்டிக்கொண்டே செய்கிறீர்கள் என்று கேள்வி. புயல் திட்டம் எதுவானாலும் இழுவை வண்டியின் நம்பரை எழுத வேண்டும். ஒரு நம்பர் ஒரு திட்டத்தில்தான் வரலாம். நம்பர் தீர்ந்துவிட்டால் வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். கேட்பவருக்கு "இல்லை" என்பது முன்கூட்டியே கிடைத்தால் அவர் வேறு வழி பார்ப்பார், பஸ்ஸைப் பிடிப்பார். நம் "பார்த்துக்கலாம்"தான் அவர் கையைக் கட்டிப்போடுகிறது. எதிர்ச் சாலையில் காலி வண்டி நிற்கிற ஊரில் என் அப்பா செய்தது சரி. அந்தச் சாலை இங்கே இல்லை என்பதை நான் பார்க்கத் தவறினேன்.

கைதட்டல் வாங்கிய மறுவாரம் டாக்டரைப் பார்க்கப் போனேன். போகும் வழியில் அந்த சர்ச் பார்க்கிங்கைக் கடந்தேன். பீரங்கி கைகளை விரித்துக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல், உலர்ந்த தரையில் உட்கார்ந்திருந்தது. டேல் அதன் மேல் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார். கையசைத்தார்.

டாக்டரின் வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"கரண்ட் ரெண்டரைக்கு நிண்டது. எங்கட ஜெனரேட்டருக்கை தண்ணி பூந்திட்டுது. பேட்டரி மூண்டு மணி மட்டும் தாங்கினது. நீங்கள் மூண்டு மணி எண்டு சொன்னதாலை நான் பயப்பிடேல்லை. பிறகு வண்டி வரேல்லை. அந்த மனுசனுக்கு நானும் ரெண்டு நர்ஸும் மாறி மாறிக் கையாலை மூச்சுப் பையை அமத்தி மூச்சுக் குடுத்தம். நாப்பது நிமிசம்."

 ட்ராஃபிக் என்று சொல்லியிருக்கலாம். மழை என்று சொல்லியிருக்கலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. முருகேசன் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். நான் சர்ச் பார்க்கிங்கில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். டேல் அழுதது, நான் இறக்கச் சொன்னது, முருகேசன் கேட்டும் விடாமல் நிற்க வைத்தது, அந்த நாற்பது நிமிஷம் எங்கே போனது என்பது, எல்லாம்.

 நான் முடித்த பிறகு டாக்டர் கேட்டார்:

"அந்தப் பீரங்கிக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?"

"இல்லைங்க டாக்டர். நல்லா இருக்குதுங்க."

"அப்ப சரி" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.